கல் தூசிக்கு வெல்லம் மருந்தாகுமா?

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து சென்றால் கொட்டாம்பட்டி வட்டாரத்தை அடையலாம். மானாவாரி நிலமும், கண்மாய்ப் பாசனமும், இடையிடையே கருங்கற் குன்றுகளும் நிறைந்த பகுதி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் இப்பகுதி உழவர் பலர் ஏரை ஒதுக்கி வைத்துவிட்டு, கல் வேலையை நாடுவது நெடுநாள் வழக்கம். சம்மட்டியும் உளியும் கொண்டு கல் பிளந்த காலம் போய், காற்றழுத்தத் துளைக் கருவியும், அறுக்கும் எந்திரமும், ஜல்லி அரைக்கும் ஆலையும் வந்தன. வேலை விரைவாயிற்று, தூசியும் பெருகிற்று.

தூசியில் உழைப்போரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மாலையில் வேலை முடிந்தவுடன் ஒரு துண்டு மண்டை வெல்லமோ, இரண்டு வாழைப்பழமோ உண்டால், நெஞ்சில் படிந்த தூசி வயிற்றுக்கு இறங்கிக் கழிந்துவிடும் என்பதே அது. கற்சுரங்கத்தில் மட்டுமன்றி, பஞ்சாலைகளிலும் இந்நம்பிக்கை வேரூன்றியுள்ளது. முன்னோர் சொல்லை எடுத்த எடுப்பிலேயே மூடநம்பிக்கை என்று தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. ஆராயாமல் கொள்ளுதலும் அவ்வாறே. வெல்லம், மஞ்சள், ஆடாதோடை முதலிய தாவரப் பொருள்களைப் பற்றி விஞ்ஞானிகள் நடத்தியுள்ள ஆராய்ச்சிகள் என்ன கூறுகின்றன, அவற்றைக் கொண்டு கல் தொழிலாளர் எந்த அளவுக்கு நம்பிக்கை கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தூசி நுரையீரலில் செய்யும் வேலை

கருங்கல்லில் பல கனிமங்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஒன்று குவார்ட்ஸ். இது சிலிக்கா என்னும் பொருளின் படிக வடிவம். மண்ணியல் நூலார் கிரானைட் என்று வகுத்துள்ள கல்லில், ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். கல்லைத் துளைக்கும்போதும், அறுக்கும்போதும், அரைக்கும்போதும் இக்கனிமம் நுண்ணிய பொடியாகிக் காற்றில் கலக்கிறது.

தூசி முழுவதும் ஒரே தன்மையது அன்று. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தும்மலும் இருமலும் சளியும் அவற்றை வெளியேற்றிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்களோ மூச்சுக் குழல்களின் கிளை வழியே சென்று, நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளை அடைந்துவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரான். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்பதை நினைத்தால், இத்துகள்களின் நுண்மை விளங்கும். இவை தொண்டையை உறுத்துவதில்லை, இருமலை எழுப்புவதில்லை. தொண்டையில் உறுத்தும் தூசி தன்னை அறிவித்துக்கொள்ளும் தூசி. உயிரைக் குடிக்கும் தூசியோ சத்தமின்றி உட்புகுவது.

சிற்றறைகளில் காவல் புரியும் உயிரணுக்கள் இத்துகள்களை விழுங்குகின்றன. வேறு தூசியாயின் அவை அழித்தோ அகற்றியோ விடும். சிலிக்காத் துகளோ விழுங்கிய உயிரணுவையே கொன்றுவிடுகிறது. அவ்வுயிரணு இறக்கும்போது துகள் மீண்டும் வெளிப்படுகிறது. அடுத்த உயிரணு அதனை விழுங்கி மாள்கிறது. இந்தப் போராட்டம் நடக்கும் இடத்தில் புண் ஆறியபின் தோன்றும் தழும்பைப் போன்ற நார்த்திசு வளர்கிறது. பஞ்சு போல் சுருங்கி விரிய வேண்டிய நுரையீரல் நாளடைவில் இறுகிப்போகிறது. இந்நோயே சிலிக்கோசிஸ் எனப்படுவது.

இந்நோய் கொண்டோரைக் காசநோய் எளிதில் பற்றும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. தங்கச் சுரங்கத்தில் கூலி தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்ந்த கோலார் வயலில், இந்நோய் 1940களிலேயே கண்டறிந்து எழுதப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்களை ஆமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிலையத்தார் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கக் கண்டனர். நாட்டுக் குழந்தைகள் எழுத்துக் கற்ற குச்சிக்குப் பின்னே இத்தகைய துயரம் மறைந்திருந்தது.

வெல்லத்தைப் பற்றிய ஆராய்ச்சி

வெல்லம் தின்றால் தூசி தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கையை ஆராய முற்பட்டவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகளே. லக்னோ நகரில் இயங்கிய தொழில்சார் நச்சியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சாஹு, சக்சேனா ஆகியோர் தங்கள் முடிவுகளை 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலிகளின் மூச்சுக் குழலில் 50 மில்லிகிராம் நிலக்கரித் தூசியைச் செலுத்தி, அவற்றுள் ஒரு பிரிவுக்கு வாரத்தில் ஐந்து நாள்கள் அரை கிராம் வெல்லம் வீதம் 90 நாள்கள் ஊட்டினர். சிலிக்காத் தூசி செலுத்திய எலிகளையும் ஆராய்ந்தனர். வெல்லம் உண்ட எலிகளின் நுரையீரலிலிருந்து தூசித் துகள்கள் கூடுதலாக அகன்றிருந்தன. நுரையீரலில் நேர்ந்த கேடும் குறைவாகவே இருந்தது. தூசியில் உழைப்போருக்கு வெல்லம் காப்புப் பொருளாகப் பயன்படக்கூடும் என்று அவர்கள் கருத்துத் தெரிவித்தனர்.

இம்முடிவைக் கேட்டவுடன், பாட்டன் சொன்னது மெய்யாயிற்று என்று மகிழத் தோன்றும். சற்றே நின்று மூன்று செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, நுரையீரலை விட்டு அகன்ற துகள்கள் எங்கே சென்றன என்பது. அவை வயிற்றுக்கு இறங்கவில்லை. உடலை விட்டு வெளியேறவுமில்லை. மூச்சுக் குழலை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்களைச் சென்றடைந்தன. நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறின எனலாம். வாய்வழி உண்ட பொருள் உணவுக் குழல் வழியே இரைப்பைக்குச் செல்கிறது. மூச்சுக் குழலுக்கும் அதற்கும் வழி வேறு.

இரண்டாவது, அளவு. எலியின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், எடைக்கு எடை கணக்கிடும்போது 50 கிலோ எடையுள்ள மனிதர் நாள்தோறும் 125 கிராம் வெல்லம் உண்ண வேண்டியதாகும். எலிக்குரிய அளவை மனிதருக்கு இவ்வளவு எளிதாக மாற்றிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு சிறு துண்டு வெல்லத்துக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் உள்ள தொலைவை இக்கணக்கு காட்டுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு இவ்வளவு வெல்லம் தீங்கே பயக்கும்.

மூன்றாவது, காலம். எலிக்கு ஒரு முறை தூசி செலுத்தி 90 நாள் பார்த்தார்கள். கல் தொழிலாளியோ இருபது ஆண்டுகள் நாள்தோறும் தூசியைச் சுவாசிக்கிறார்.

அப்படியாயின் வெல்லம் தின்றவர் நலமாக உணர்வது ஏன்? நாளெல்லாம் பாரம் தூக்கி ஓய்ந்த உடலுக்கு வெல்லம் விரைவில் தெம்பு தருகிறது. வாயில் உமிழ்நீர் ஊறித் தொண்டையின் வறட்சி நீங்குகிறது. இந்தச் சுகம் பொய்யன்று. தொண்டைக்குக் கிடைத்த சுகத்தை நுரையீரலுக்குக் கிடைத்த காப்பு என்று எண்ணுவதே பிழையாகும்.

மஞ்சளும் ஆடாதோடையும்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருள் 1815 ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் எலிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிளியோமைசின் என்னும் மருந்தைச் செலுத்தினால் எலியின் நுரையீரலில் நார்த்திசு வளரும். குர்க்குமின் ஊட்டிய எலிகளில் அவ்வளர்ச்சி தடைப்பட்டதை அவர்கள் கண்டனர். நம் மாநிலத்தில் நடந்த இந்த ஆராய்ச்சி பெருமைக்குரியதே.

இதனையும் அளந்தே கொள்ளுதல் வேண்டும். அங்கே நோயை உண்டாக்கியது கல் தூசி அன்று. மேலும், எலிக்குக் கொடுத்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 300 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அதே விகிதத்தில் 15 கிராம் குர்க்குமின் ஆகிறது. மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு குர்க்குமின் உண்டு என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு அரைக் கிலோ மஞ்சள் தேவைப்படும்! அவ்வாறு உண்டாலும் குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பமே. மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் அது இருபது மடங்கு மிகுதியாகச் சேர்கிறது என்று பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியார் 1998 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். குழம்பில் மஞ்சளும் மிளகும் சேர்வது நல்லதே. செறிவூட்டிய மாத்திரைகளாக மருத்துவர் அறிவுரையின்றி உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகப் பிற நாடுகளில் செய்திகள் வந்துள்ளமையால், உணவுக்கும் மருந்துக்கும் உள்ள வேற்றுமையை மறத்தல் ஆகாது.

வேலி ஓரங்களில் வளரும் ஆடாதோடை இருமலுக்குச் சிறந்த மூலிகை என்பதைப் பாமரரும் அறிவர். சென்னை மாகாண அரசின் ரசாயன அறிஞராக உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், இதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளைப் பற்றி 1888 ஆம் ஆண்டில் எழுதினார். அதனை அடியொற்றியே பிற்காலத்தில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து செய்யப்பட்டது. சளியை இளக்கும் மருந்தாக இன்றும் உலகெங்கும் அது வழங்குகிறது. நாட்டு மூலிகை ஒன்று ஆராய்ச்சியின் வாயிலாக உலக மருந்தானதற்கு இது நல்ல சான்று. எனினும் ஆடாதோடை இளக்குவது சளியை மட்டுமே. இறுகிய தழும்பை அது கரைப்பதில்லை. சிலிக்கோசிஸ் கண்டவர் ஆடாதோடைச் சாற்றால் இருமல் தணியப் பெற்று, நோய் நீங்கியதென்று மீண்டும் கல் தூசிக்குத் திரும்புவாராயின், அந்த நல்ல மூலிகையே அவருக்குத் தீங்கு செய்ததாக முடியும்.

சீனத்துக் கிழங்கும் ஒரு படிப்பினையும்

சிலிக்கோசிஸ் நோய்க்கென்றே மனிதருக்குக் கொடுக்கப்படும் தாவரப் பொருள் ஒன்று உண்டு. அது சீன நாட்டில் விளையும் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் டெட்ராண்ட்ரின். நார்த்திசு வளர்வதைத் தணிக்கும் மருந்தாகச் சீன அரசு அதனை ஏற்றுள்ளது. நோயின் வேகத்தைக் குறைக்க அது உதவலாம்; நோயை நீக்குவதாக எவரும் நிலைநாட்டவில்லை. கல்லீரலைக் கெடுக்கும் தன்மையும் அதற்கு உண்டாதலால், மருத்துவர் மேற்பார்வையிலேயே தரப்படுகிறது.

இந்தக் கொடி நம் ஊர்ச் சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் சீந்திலும் அதே வேலையைச் செய்யும் என்று முடிவு கட்டலாமா? கூடாது. இவ்வாறு எண்ணுவதன் ஆபத்தை ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்கென மேற்கூறிய சீனக் கொடியின் வேரைச் சிலருக்குக் கொடுத்தார்கள். சீன மொழியில் பெயர் ஒத்திருந்தமையால், அதற்கு மாறாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. 1993 ஆம் ஆண்டில் இச்செய்தி மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலமே அதற்குக் காரணம். அது புற்றுநோயும் விளைவிக்கும். நம் வயல்வரப்புகளில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளை இதே இனத்தைச் சேர்ந்தது. அதே அமிலத்தை உடையது. ஆடு தீண்டாத செடியை மனிதர் அளவறியாது உண்ணலாகாது. மூலிகையின் பெயரும், உறுப்பும், அளவும், பக்குவமும் தேர்ந்த சித்த மருத்துவர் அறிந்து கூற வேண்டியவை. கேள்விப்பட்டதைக் கொண்டு தாமே அரைத்துக் குடித்தல் நன்றன்று.

நீரே முதல் மருந்து

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. உட்சென்ற சிலிக்காவை முற்றும் வெளியேற்றும் மருந்து, மூலிகையிலும் இல்லை. ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. உட்புகாமல் தடுப்பதே வழி. தடுக்கும் பொருள்களுள் தலையாயது தண்ணீர்.

துளைக் கருவியின் முனையில் நீர் பாய்ந்துகொண்டிருந்தால், தூசி எழும் இடத்திலேயே சேறாகி வழிந்துவிடும். அறுக்கும் வாளுக்கும், ஜல்லி ஆலையின் வாய்க்கும் இதுவே முறை. அமெரிக்காவில் 1930–31 ஆம் ஆண்டுகளில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் மலையைக் குடைந்தபோது, வேலை விரைவாக முடிய வேண்டுமென்று நீரின்றி உலர்ந்த கல்லையே துளைத்தார்கள். பல நூறு தொழிலாளர்கள் சில ஆண்டுகளுக்குள் மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின ஏழைகள். சிறிது நீரும் சிறிது நேரமும் மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலை அது.

முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். நுண்துகளைத் தடுக்க என்-95 போன்ற தரமான முகமூடி வேண்டும். அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தவும் வேண்டும். முகமூடி இருக்கிறதென்று நீரைக் கைவிடலாகாது. தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் நனைத்து அள்ளுதல் நல்லது. வேலை உடையுடன் வீட்டுக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். புகைபிடித்தல் நுரையீரலின் கேட்டை இரட்டிப்பாக்கும்.

குவாரி மூடியபின் வரும் நோய்

இக்கட்டுரையை இன்று எழுத வேண்டிய அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேலூர், கொட்டாம்பட்டிப் பகுதியிலுள்ள கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் 2012 ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, அவற்றின் வேலை நின்றது. அரசுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிப் பலரும் கணக்கிட்டனர். அங்கே உழைத்தவர்களின் நுரையீரலைப் பற்றிய கணக்கு அதற்குக் குறைந்ததன்று.

சிலிக்கோசிஸ் பெரும்பாலும் தூசியில் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ உழைத்தபின் வெளிப்படும். வேலையை விட்டபின்னும் அது வளரக்கூடும். ஆகவே குவாரி மூடியதோடு ஆபத்தும் மூடிவிட்டது என்று எண்ணுதல் தவறு. அன்று துளைக் கருவி பிடித்த இளைஞர்கள் இன்று நடுவயதினர். வயலுக்கோ, கட்டட வேலைக்கோ, திருப்பூருக்கோ சென்றுவிட்ட அவர்களுக்கு மூச்சு இளைத்தால், வயதாயிற்று என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணிக்கொள்வார்கள். சிலருக்குக் காசநோய் என மருந்து தரப்படும். அதன் பின்னே ஒளிந்துள்ள கல் தூசி நோய் பேசப்படாமலே போய்விடும்.

இத்தகையோர் செய்யத்தக்கது இது. மருத்துவரிடம் செல்லும்போது, "நான் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை கல் வேலை செய்தேன், என் வேலை துளையிடுதல்" என்று கேட்காமலே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படமும் இந்த வரலாறும் சேர்ந்தால்தான் நோயை அறிய இயலும். மேலூர் அரசு மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாது பாதுகாத்தல் வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்ற சிலிக்கோசிஸ், 2020 ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்வாறே இடம்பெற்றுள்ளது. 1923 ஆம் ஆண்டில் இயற்றிய இழப்பீட்டுச் சட்டமும் இதனைத் தொழில்வழி வந்த நோயாக ஏற்றது. கல் உடைப்போரும் அறுப்போரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ராஜஸ்தான் மாநிலம் 2019 ஆம் ஆண்டில் இந்நோயாளிகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து உதவி அளிக்க முன்வந்தது. ஆயினும் யார் எங்கே எத்தனை ஆண்டு உழைத்தார் என்ற குறிப்பு இல்லாவிடில் எந்தச் சட்டமும் பயன்படாது. கூலிச் சீட்டு இல்லாத ஊரில் மக்களின் நினைவே ஆவணம். நினைவு மறையுமுன் எழுதி வைத்தல் வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மே முதல் நாளில், தொழிலாளர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. கல் வேலை செய்தவர்கள், செய்கின்றவர்கள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, அவர்களுக்கு நெஞ்சகப் பரிசோதனை முகாம் நடத்துமாறு அக்கூட்டத்தில் தீர்மானம் இயற்றலாம். சுய உதவிக் குழுவினர் வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுக்க இயலும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும், சில மாலைப் பொழுதுகளும் போதும்.

வெல்லம் உடலுக்குத் தெம்பு தரட்டும். மஞ்சளும் மிளகும் உணவில் நாளும் சேரட்டும். ஆடாதோடை இருமலைத் தணிக்கட்டும். கல்லின் மேல் நீர் பாய வேண்டிய இடத்தில் இவற்றுள் எதுவும் நிற்க இயலாது.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. தொண்டையில் உறுத்தும் தூசியைவிட உறுத்தாத தூசி கொடியதாவது ஏன்?

2. லக்னோ ஆராய்ச்சியில் எலியின் நுரையீரலை விட்டு அகன்ற துகள்கள் எங்கே சென்றன? அதிலிருந்து நாம் அறிவது யாது?

3. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு செடிகளை ஒரே மருந்தாகக் கொள்ளலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.

4. உங்கள் ஊரில் கல் வேலை செய்தோர் எத்தனை பேர்? அவர்களுள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோர் எத்தனை பேர்?

5. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஜல்லி ஆலையில் நீர் தெளிப்பு நடைபெறுகிறதா? இல்லையெனில், அடுத்த கிராம சபையில் இதனை எழுப்பப் போகிறவர் யார்?